தோப்பை விட்டு வெளியே வரும்போது

பாக்கெட்டில் மண் நிரப்புவது, குழி எடுப்பது, கன்றுக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு ஆள் இருக்கிறது. அதை நான் எழுதப் போவதில்லை. எனக்கு எழுத்தும் அவ்வளவாக வராது. ஐந்தாவதோடு நின்றவள். ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதை மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் வந்து சேர்ந்திருக்கிற நர்சரியில் இன்றைக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது. பூமி சூடாகிறது, நம்ம ஊர் மரத்தை வைத்தால் கார்பனை இழுத்துப் பிடிக்கும் என்று சுவரில் படம் ஒட்டியிருக்கிறீர்கள். சரிதான். நாங்கள் ஆரம்பித்தபோது அந்த வார்த்தை எங்களுக்குத் தெரியாது. மழை கம்மியாகிவிட்டது. சித்திரை பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்களின் கால் கொப்பளிக்கிறது. மரம் வேண்டும். அவ்வளவுதான் தெரியும்.

இதை ஆரம்பித்தவரின் பெயரை எழுத மாட்டேன். அவருக்குப் பிடிக்காது. நாங்கள் எல்லோரும் ஓனர் என்போம். நேரில் நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அதற்கு முன்னால் அவர் போளூர் ரோட்டில் விறகு மண்டி வைத்திருந்தார். நான் செங்கல் சூளையில் இருந்தேன். அவர் மண்டி விறகு லாரியில் சூளைக்கு வரும். இறக்குகிற பொம்பளைகளில் நான் ஒருத்தி. அப்படித்தான் பழக்கம்.

ஓட்டல்களுக்கும் வீடுகளுக்கும் கேஸ் வர வர விறகு போவது குறைந்தது. அவர் மண்டி இருந்த இடத்திலேயே நர்சரி போட்டார். வருஷக்கணக்காக மரப்பட்டையும் தூளும் மக்கிக் கிடந்த மண் அது. கறுப்பாக, கையில் எடுத்தால் பொலபொலவென்று இருக்கும். மழை பெய்தால் புளிய விறகு வாசனை வரும். அந்த வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. கன்று அதில் நன்றாக வந்தது. என்னைச் சூளையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டார். டெம்போ ஓட்ட சேகர் என்று ஒருவன். நிரந்தர ஆட்கள் நாங்கள் மூன்று பேர்தான். வேலை ஜாஸ்தியானால் வெளியாள் கூப்பிடுவோம்.

"வெட்டினதும் நீ, வைக்கிறதும் நீயா?" என்று ஊரில் கேலி பேசுவார்கள். ஓனர் பதில் சொல்ல மாட்டார். கேட்காதது போலவும் இருக்க மாட்டார். கேட்டுக்கொண்டு நிற்பார்.

நான் சொல்லப்போவது தொண்ணூற்றி மூன்றிலோ நாலிலோ நடந்தது.

ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தவர்கள் சிலர், வெளிநாட்டுக்காரர்களும் நம்மவர்களும், சேர்ந்து அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் மொட்டையாகக் கிடந்த இடத்தில் மரம் வைக்க ஏற்பாடு செய்தார்கள். அவர்கள் சார்பில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் சைக்கிளில் வந்தார்.

"அந்த எடத்துல முன்ன இலுப்பைதான் நின்னுச்சுனு அங்க இருக்கிறவங்க சொல்றாங்க. அடுத்த வருஷம் மழைக்கு இலுப்பைக் கன்னு தருவீங்களா? இல்லனா தைலமரம் இப்பவே தரேன்னு ஒருத்தர் நிக்கிறார். எங்க ஆளுங்கள்ல பாதிப் பேரு அதுக்கே சரிங்கிறாங்க."

"தரேன்" என்றார் ஓனர்.

வாத்தியார் போனதும் நான் கேட்டேன். "விதை எங்கண்ணா?"

"தெரியல."

அதுவரை நாங்கள் வீட்டு வாசலுக்குப் புங்கனும் வேம்பும் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். அந்த வருஷம் அதுவும் போகவில்லை. இந்த வேலை கைவிட்டுப் போனால் நர்சரி நிற்காது. அது மூன்று பேருக்கும் தெரியும். எனக்குத் திரும்ப சூளைதான். வீட்டில் படுக்கையில் மாமியார், பள்ளிக்கூடம் போகிற பெண். வீட்டுக்காரர் இருந்தார், அவ்வளவுதான்.

இலுப்பை பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழம் ஆனி கடைசியில் விழ ஆரம்பிக்கும். ஆடி முடிவதற்குள் முடிந்துவிடும். கொட்டையை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு போடலாம் என்றால் நடக்காது. காய்ந்தால் செத்துவிடும். விழுந்த சூட்டோடு மண்ணுக்குள் போக வேண்டும். அந்த ஆடியை விட்டால் அடுத்த ஆடி. அதற்குள் தைலமரம் ஆள் உயரம் நிற்கும்.

ரோட்டோர இலுப்பைகள் ரோட்டை அகலப்படுத்தியபோது போயிருந்தன. அதில் சிலது எங்கள் மண்டிக்கே விறகாக வந்தது. மிச்சம் நின்ற ஒன்றிரண்டு அந்த வருஷம் காய்க்கவில்லை. கடைசியில் சேகர்தான் சொன்னான். கீழ்பென்னாத்தூர் தாண்டி அவன் அக்காவைக் கொடுத்த ஊருக்குப் பக்கத்தில் பச்சையம்மன் கோயில் தோப்பு இருக்கிறது, முழுக்க இலுப்பை என்று.

மூன்று பேரும் போனோம். தேங்காய், பூ, கற்பூரம் வாங்கிக்கொண்டார் ஓனர்.

ஏரிக்கரையை ஒட்டின தோப்பு. வாசலில் முனி சிலைகள், கண்ணை உருட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். செருப்பை அங்கேயே விட்டோம். உள்ளே போனதும் குளிர்ந்தது. வெளியே அந்த வெயில், உள்ளே இப்படியா என்று இருந்தது. இரண்டு பேர் கட்டிப் பிடித்தாலும் கை எட்டாத மரங்கள். கீழே பழம். மிதிக்காமல் நடக்க முடியவில்லை. செத்த மரங்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. யாரும் தொட்ட மாதிரி இல்லை.

கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பொம்பளை விளக்குமாற்றை நிறுத்திவிட்டு ஓனரைப் பார்த்தாள். குப்பம்மா என்று பெயர், பிறகு தெரிந்தது. தோப்புக்கு வெளியே ஏரிக்கரையில் வீடு, ஆடு வைத்திருந்தாள்.

"யோவ் பூசாரி, இங்க வா. விறகு மண்டிக்காரரு வந்துகிறாரு. கெடக்கிற மரத்தப் பாக்கிற கண்ணப் பாரு, எட போடுது."

பூசாரி கடலைக் கொல்லையிலிருந்து வந்தார். கையில் மண். அவருக்கும் ஓனரைத் தெரிந்திருந்தது. சுத்துப்பட்டில் தெரியாதவர் யார்.

"விறகுக்கு வரலீங்க" என்றார் ஓனர். "விதைக்கு வந்தேன். கன்னு போட."

"எதுவா இருந்தாலும் ஒன்னுதாங்க. இந்தத் தோப்புல விழுந்தது தோப்ப விட்டுப் போகாது. சருகுகூட. எடுத்துக்கினு போனவன முனி விட்டதில்ல."

"அம்மாகிட்ட கேட்டுப் பாக்கலாமா?"

பூசாரி கையில் இருந்த மண்ணைத் தட்டினார். "கேக்கிறதுக்கு யாரையும் வேணாம்னு சொல்ற வழக்கம் இல்ல. வாங்க."

அங்கே பூ கேட்பது இப்படி. அம்மன் தோளில் வலது பக்கம் ஒரு பூ, இடது பக்கம் ஒரு பூ, தண்ணீரில் நனைத்து ஒட்ட வைப்பார்கள். மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலது முதலில் விழுந்தால் உத்தரவு உண்டு. இடது விழுந்தால் இல்லை.

இடது விழுந்தது.

ஓனர் கும்பிட்டார். தேங்காய் மூடியை வாங்கிக்கொண்டார். "வரேங்க" என்றார்.

அந்தத் தோப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளியே வரும்போது முனி சிலைக்கு முன்னால் நின்று துணியை உதற வேண்டும். புடவை ஓரத்தில் ஒட்டிய சருகு, தலைமுடியில் விழுந்த குச்சி, கால் விரல் நடுவில் இருக்கிற மண், எல்லாவற்றையும் உள்பக்கம் பார்த்து உதறிவிட்டுத்தான் தோப்பு எல்லையில் பதித்த கல் வரிசையைத் தாண்ட வேண்டும். ஊர்க்காரர்களும் அப்படித்தான். பூசாரி எங்களுக்குச் சொன்னார். குப்பம்மாளும் ஊர் ஆட்கள் இரண்டு மூன்று பேரும் பார்க்க வந்து நின்றார்கள்.

ஓனர் துண்டை உதறினார். நான் முந்தானையை உதறினேன். சேகர் சட்டையை மட்டும் உதறினான். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். மடிப்பு கனத்துத் தொங்கியது.

எனக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் பூவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இவன் பொறுக்கியிருக்கிறான்.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அவன் இன்னும் ஓர் அடி வைத்தால் வெளியே. அந்த மடியில் இருந்தது பாத்தியில் ஒரு வரிசைக்காவது வரும். வாத்தியாரைக் கூட்டிவந்து முளை காட்டலாம். வேலை கையில் நிற்கும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மாமியார் ஞாபகம் வந்தது. சூளைப் புகை ஞாபகம் வந்தது. யோசிக்க நேரம் இல்லை.

"சேகரு. லுங்கிய அவுத்து ஒதறு."

அவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணில் நிற்கிறது. "இன்னாக்கா நீ, உள்ள டவுசர்கூட கிழிசலு."

"பரவால்ல. ஒதறு."

உதறினான். கொட்டைகள் முனி காலடியில் உருண்டு ஓடின.

ஊர் ஆட்களில் ஒருவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "இவன இங்கயே கட்டி வைங்கடா. பூ இல்லன்னு சொன்ன அப்பறமும் எடுத்துகிறான்."

ஓனர் சேகருக்கு முன்னால் போய் நின்றார். "என் ஆளு. என்னைக் கட்டுங்க" என்றார்.

பூசாரி கையைத் தூக்கினார். "வுடுங்கடா. தம்பி, எடுத்த எடத்துலயே கொண்டு போயி போடு. ஒன்னொன்னா."

சேகர் கிழிந்த டவுசரோடு பொறுக்கிக்கொண்டு போனான். குப்பம்மா சிரித்துவிட்டாள். "மண்டிக்காரரு ஆளுங்கள்ல ஒருத்தன் திருடுறான், ஒருத்தி காட்டிக் குடுக்கிறா. இவரு இன்னாடான்னா கட்டிப் போடுங்கறாரு. நல்ல கம்பெனி."

அது கேட்டு மற்றவர்களும் சிரித்தார்கள். துண்டைக் கட்டினவனும் அவிழ்த்துவிட்டான்.

நாங்கள் கிளம்பும்போது பூசாரி என்னிடம் சொன்னார். "உத்தரவு இல்லனா இல்லதாம்மா. அத மாத்த என்னால ஆவாது. ஆனா வர வெள்ளிக்கெழம அம்மாவுக்குக் கூழு ஊத்தறோம். வந்து குடிச்சிட்டுப் போங்க. அதுக்குப் பூ கேக்கத் தேவையில்ல."

கீழ்பென்னாத்தூரில் டீக்கடையில் நிறுத்தினோம். சேகர் சொன்னான். "ஊரு முன்ன என்னைக் கள்ளனாக்கிட்டியேக்கா. அக்கா வூட்டுக்கு எப்பிடிப் போவேன்?"

"எடுத்தது நீ."

"யாருக்காக எடுத்தேன்?"

ஓனர் கேட்டார். "ஏன் தனம் சொன்ன?"

பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். முனி அடிக்குமா அடிக்காதா, எனக்குத் தெரியாது. என் கணக்கு வேறு. "நாளைக்கு நாம எங்க கன்னு வச்சாலும் பக்கத்துல ஒரு ஊரு இருக்கும்ணா. அந்த ஊரு ஆடு இருக்கும், மாடு இருக்கும். அது திருட்டு வெதைல வந்த கன்னுனு ஒரு வார்த்தை போதும். யாரும் வெட்ட வேணாம். ஆட்ட வெரட்டாம சும்மா நின்னாலே போதும், ஒன்னும் தங்காது."

"இப்ப கன்னே இல்லியே."

"இல்ல."

"உனக்குச் சூளை. எனக்கு என்னனு தெரியல."

"தெரிஞ்சுதான் சொன்னேன்ணா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னொரு டீ சொல்லட்டுமா?" என்று கேட்டார். சேகருக்கும் சேர்த்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போளூர், இந்தப் பக்கம் தண்டராம்பட்டு என்று தேடினோம். கிடைத்தது எல்லாம் செக்குக்காகக் காயவைத்த கொட்டை. உயிர் இல்லாதது. வாத்தியார் வந்தார். மணலும் எருவும் கலந்து தயாராக வைத்திருந்த பாத்திகளைப் பார்த்தார். "விதை?" என்றார். "வருது" என்றார் ஓனர். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். அடுத்த வாரம் முடிவு சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் போகலாம் என்றேன். சேகர் வரமாட்டேன் என்றான். ஓனர் மண்டியின் பின்பக்கம் போனார். அங்கே கடைசி அடுக்கு புளிய விறகு கிடந்தது. விற்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. "இத ஏத்து" என்றார்.

"கோயிலுக்கு எதுக்குண்ணா விறகு?"

"தோப்பு நிறைய விறகு கெடக்குது. ஒரு குச்சி எடுத்து எரிக்க முடியாது அவங்களால. கூழு காய்ச்ச வெளியேதான வாங்கணும்?"

மண்டிக்காரர் புத்தி அது. நான் அந்தத் தோப்பில் நிழலைப் பார்த்தேன். அவர் விறகைப் பார்த்தார். இரண்டும் வேண்டியிருந்தது.

சேகர் கடைசியில் வண்டியை எடுத்தான். ஊருக்குள் டெம்போ நுழைந்ததும் சத்தம் கிளம்பியது. "மண்டிக்காரரு விறகோட வந்துட்டாரு!" அன்றைக்கு அவர்கள் வாங்கியிருந்ததில் பாதி விறகு ஈரம், அடுப்பு புகைந்துகொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. இளைஞர்கள் ஓடி வந்து இறக்கினார்கள். பூசாரி விலை கேட்டார். "மண்டி மூடியாச்சுங்க. இது மிச்சம்" என்றார் ஓனர்.

அண்டாக்களில் கூழ் கொதித்தது. நான் கிண்டப் போய் நின்றேன். குப்பம்மா பக்கத்தில் வந்தாள்.

"கூழுக்கு வந்தியா, வேவு பாக்க வந்தியா?"

"கூழுக்குத்தான்."

"அப்ப சொம்பு எங்க?"

கொண்டுவரவில்லை. "கையிலயா வாங்கிக் குடிப்ப? வா" என்று தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துணியை உதறிவிட்டுக் கல் வரிசையைத் தாண்டினோம். கரையில் சின்ன வீடு. வீட்டுக்கு மேலே கவிந்து பெரிய புளியமரம். அவள் உள்ளே சொம்பு தேடினாள். நான் வாசலில் நின்றேன்.

புளியமரத்தடியில் கூட்டிக் குவித்த குப்பை. பார்த்தால் குப்பை இல்லை. இலுப்பைக் கொட்டை. சதை போய், பளபளவென்று, ஈரமாக.

"இது இன்னாக்கா?"

"வௌவால் எச்சி. தோப்புல இருந்து பழத்தத் தூக்கியாந்து இந்த மரத்துல தொங்கிக்கினு துன்னுது. துன்னுட்டுக் கொட்டைய என் கூரை மேல போடுது. ராவெல்லாம் டப்பு டப்புனு. தெனம் விடிஞ்சா இதான் வேல எனக்கு. கூட்டி ஏரில கொட்டறேன்."

நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவளே எடுத்துக்கோ என்றிருப்பாள். ஆனால் அது குப்பம்மாள் ஒருத்தி சொல்கிற விஷயம் இல்லை என்று பட்டது. சொம்பை வாங்கிக்கொண்டு நேராகப் பூசாரியிடம் போனேன். கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

"தோப்புல விழுந்தது வெளிய போகக்கூடாதுனு சொன்னீங்க. வௌவால் கொண்டு போயி குப்பம்மாக்கா வூட்டுல போட்டது யாருதுங்க?"

அகப்பை நின்றது. சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று பேச ஆரம்பித்தார்கள்.

"வெளிய கெடக்குது, அப்பறம் இன்னா?"

"கெடக்கிறது வெளிய. வந்தது எங்க இருந்து? தோப்புல இருந்துதான?"

"அப்ப வௌவாலு முனிகிட்ட ஒதறிட்டா போவுது?"

"அதுக்கு இன்னா, லுங்கியா கட்டிகிது?"

சேகர் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பு அடங்க நேரம் ஆனது. பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. அம்மன் இருக்கிற பக்கம் பார்த்தார். அவர் இல்லை என்று சொன்னால் அதோடு முடிந்தது. நான் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"என் அப்பன் காலத்துல இருந்து அது தூக்கிக்கினுதான் போவுது" என்றார் மெதுவாக. "அம்மா ஒருநாளும் தடுக்கல. தடுக்கணும்னா தெரியாதா அவளுக்கு? அம்மா வௌவாலுக்குக் குடுத்தா. வௌவால் குப்பம்மாளுக்குக் குடுத்துது. இனி அவ பாடு, ஒங்க பாடு."

எல்லோரும் குப்பம்மாளைப் பார்த்தார்கள். அவள் விளக்குமாற்றை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றாள்.

"இப்ப என் தோள்ல பூ வைக்கப் போறீங்களா?"

"வச்சா எந்தப் பக்கம் விழும்?" என்றார் ஓனர். அவர் கேலி பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நான் கேக்கிறதக் குடுத்தா வலது. மொத கன்னு இந்த ஏரிக்கரையிலதான் வைக்கணும். என் வூட்டுக்குத் தள்ளி, அந்தக் கோடில. அது வளந்து வௌவாலெல்லாம் அங்க போவட்டும். என் கூரை தப்பிக்கட்டும்."

அந்த ஆடி முடிகிறவரை விடியலில் சேகர்தான் டெம்போ எடுத்துக்கொண்டு போனான். குப்பம்மா கூட்டி வைத்திருப்பாள், இவன் ஈரச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவான். வருவதற்கு முன்னால், கேட்காமலேயே, அவள் முன்னால் லுங்கியை அவிழ்த்து உதறிக் காட்டுவானாம். "தெனம் இந்தக் கிழிஞ்ச டவுசரப் பாக்க வேண்டிக்கீது. புதுசா ஒன்னு வாங்கிக் குடு இவனுக்கு" என்று எனக்குச் சொல்லி அனுப்பினாள். அக்கா வீட்டிலும் அவனுக்குச் சோறு கிடைத்தது.

வௌவால் சதையைச் சுத்தமாகத் தின்றுவிட்டதால் எங்களுக்கு உரிக்கிற வேலை மிச்சம். போட்ட சூட்டில் முளைத்தது. வாத்தியார் வந்து பாத்தியில் சிவப்பாகக் கிளம்பின முளையைப் பார்த்தார். குனிந்து ஒன்றைத் தொட்டார். தைலமரக்காரரைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில் முதல் மழைக்கு முதல் கன்றைக் குப்பம்மா காட்டின கோடியில் வைத்தோம். மிச்சம் அடி அண்ணாமலைக்குப் போனது. இன்றைக்குப் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிற அந்த நிழல் அதுதான். நீங்களும் அதைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறீர்கள்.

அதோடு முடித்திருக்கலாம். இன்னும் ஒன்று இருக்கிறது.

இரண்டாயிரத்துக்கு அப்புறம், ஏழோ எட்டோ, கார்த்திகையில் பெரிய காற்று அடித்தது. தோப்பில் இருந்ததிலேயே பெரிய இலுப்பைகள் இரண்டு வேரோடு சாய்ந்தன. பூசாரி நர்சரிக்கு வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. ஓனருக்கும் முட்டி போயிருந்தது.

"கன்னு வேணும்" என்றார் பூசாரி. "வெளிக் கன்னு உள்ள வைக்கக்கூடாது. அந்த மரத்து வழியில வந்ததா இருந்தா வைக்கலாம்."

அடி அண்ணாமலை மரங்கள் கொஞ்ச நாள் முன்னால்தான் முதல் தடவை காய்த்திருந்தன. அந்தக் கொட்டையில் வந்த கன்றுகள் எங்களிடம் முழங்கால் உயரம் நின்றன. தோப்பு மரத்துக்குப் பேத்தி முறை.

"பூ கேட்டீங்களா?" என்றார் ஓனர்.

"கேட்டுட்டுதான் பஸ் ஏறினேன். வச்ச கைய எடுக்கிறதுக்குள்ள வலது விழுந்துச்சு."

மறுநாள் மூன்று பேரும் போனோம். சாய்ந்த மரங்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. ஒவ்வொன்றும் டெம்போ கொள்ளாத விறகு. குப்பம்மா குச்சி ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னா மண்டிக்காரரே, கண்ணு எட போடுதா?"

"எட மறந்துபோச்சுக்கா" என்றார் ஓனர்.

சேகர் குழி எடுக்கக் கடப்பாரையைத் தூக்கினான். ஓனர் வாங்கிக்கொண்டார். எத்தனையோ ஆயிரம் கன்று வைத்த கம்பெனி. அவர் குழி தோண்டி நான் அதுவரை பார்த்ததில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு தோண்டினார். யாரும் தடுக்கவில்லை. பாக்கெட்டைக் கிழித்து நான் கன்றை இறக்கினேன். மண்டி மண், கறுப்பு மண், தோப்பு மண்ணுக்குள் போனது. கிழிந்த பாக்கெட்டை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

வெளியே வந்தோம். முனி சிலைக்கு முன்னால் நின்றோம். ஓனர் தோளிலிருந்து துண்டை எடுத்தார்.

பூசாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒதற வேணாங்க. ஒட்டினது ஒட்டிக்கினே போவட்டும்."

ஓனர் அவரைப் பார்த்தார். குப்பம்மாளைப் பார்த்தார். சாய்ந்து கிடந்த மரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை விடுவித்துக்கொண்டு, துண்டை நன்றாக, இரண்டு தடவை, உள்பக்கம் பார்த்து உதறினார்.

அவர் இப்போது இல்லை. நீங்கள் விதைக்குப் போகிற தோப்புகளில் அதுவும் ஒன்று. இப்போது நமக்கு அங்கே விதைக்கு அம்மன் உத்தரவு உண்டு, வேண்டிய விதையை எடுத்துக்கொள்ளலாம். நர்சரி ஆட்கள் என்று சொன்னால், உதற வேண்டாம் வாங்க என்றுதான் சொல்வார்கள்.

உதறிவிட்டு வாருங்கள்.